வீட்டுக்குப் பூட்டு என்றால் காணிக்கு எது?

புளியங்கூடல் நாகபூசணியைப் பற்றிச் சொல்வதென்றால், அவள் இரண்டு புள்ளியில் தோற்ற கதையிலிருந்துதான் தொடங்கவேண்டும். வேறு எங்கே தொடங்கினாலும் அவளே இடையில் மறித்து அங்கேதான் கொண்டுபோய் விடுவாள்.

அரச அலுவலகங்களில் எழுதுவினைஞராக இருப்பவர்கள் மேல்தரத்துக்குப் போக ஒரு போட்டிப் பரீட்சை இருக்கிறது. மூன்று தாள். அலுவலக முறையும் நிதி விதிகளும் நாகபூசணிக்குத் தண்ணீர்பட்ட பாடு. எந்தச் சுற்றறிக்கை எந்தக் கோவையில் கிடக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். மூன்றாவது தாள்தான் நுண்ணறிவு. இருபது வருடம் ஒழுங்காக வேலை செய்த ஒரு மனுசிக்கு அறிவு இருக்கிறதா இல்லையா என்பதை, படத்தைத் திருப்பிப் பார்த்தும் சொல்லுக்குச் சோடி தேடியும் கண்டுபிடிக்கிறார்களாம். கேள்வி ஒன்றுக்கு இரண்டு புள்ளி, நாற்பது எடுத்தால் சித்தி. முதல் தடவை அவள் எடுத்தது முப்பத்தெட்டு.

அந்த இரண்டு புள்ளி எந்தக் கேள்வியில் போனது என்று அவளுக்குத் திட்டமாகத் தெரியும். பரீட்சை மண்டபத்தின் வாசலில் நின்ற எல்லாரும் வேலி, வேலி என்று சொன்னபோதே அவளுக்கு விளங்கிவிட்டது.

வீடு : பூட்டு. காணி : ? உறுதி, உழவு, வேலி, பற்றை. நான்கில் ஒன்றைத் தெரிவு செய்க.

நாகபூசணி பற்றை என்று கீறியிருந்தாள்.

அவளை முட்டாள் என்று நினைக்கவேண்டாம். அவளுடைய ஒழுங்கையில் பதினொரு வீடு. ஏழில் பூட்டுத் தொங்குகிறது. ஆட்கள் கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டு இலட்சுமிப்பிள்ளை குடும்பம் போய்ப் பத்தொன்பது வருடம். பூட்டுத் துருப்பிடித்துக் கதவோடு ஒட்டிப்போயிருக்கிறது, காணிக்குள் நாயுண்ணிச் செடியும் பனை வடலியும் ஆள் உயரத்துக்கு நிற்கின்றன. மாரிக்கு மாரி அங்கேயிருந்துதான் பாம்பு வரும். வீட்டில் பூட்டு விழுந்தால் காணியில் பற்றை எழும்பும். அந்த ஊரில் பிறந்து வளர்ந்த யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவார்கள். கேள்வி போட்ட மனிசனைத்தான் அந்த ஊரில் யாரும் கண்டதில்லை.

இனி, அந்தத் தரம் அவளுக்கு ஏன் தேவைப்பட்டது என்று சொல்லவேண்டும். பெருமைக்கு அல்ல, கடலுக்காக.

பதினான்கு வருடமாக அவளுக்கு நெடுந்தீவில் வேலை. விடிய ஐந்தரைக்குப் படலையைச் சாத்திவிட்டு வெளிக்கிட வேண்டும். பஸ்ஸில் குறிகட்டுவான் துறை, அங்கேயிருந்து ஒரு மணித்தியாலம் படகு. டீசல் மணமும் ஈரச் சாக்கு மணமும் கலந்த அடித்தட்டில் இருந்து, சத்தி வராமல் தேசிக்காயை மணந்துகொண்டு போய், மத்தியானம் ஆறிய சோற்றைச் சாப்பிட்டு, பின்னேரம் அதே படகில் திரும்பி வரவேண்டும். சோளகக் காற்று எழும்பினால் படகு ஓடாது. காலையில் போனவர் போன இடத்திலேயே நிற்கவேண்டியதுதான்.

அப்படி ஒரு சோளகத்தில்தான் அவளுடைய தகப்பன் ஆழ்வாப்பிள்ளை மோசம் போனார். நாகபூசணி நெடுந்தீவு மாவிலித்துறையில் படகுக்கு இரண்டு நாள் நின்றாள். கடல் விடவில்லை. மூன்றாம் நாள் வந்து இறங்கியபோது செத்தவீடு முடிந்து, வீட்டைக் கழுவியிருந்தார்கள். தகப்பனின் முகத்தை அவள் பார்க்கவில்லை. அதை அவள் யாரிடமும் பெரிதாகச் சொல்லி அழுததில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு காற்றுச் சத்தம் கேட்டால் அவள் எழும்பிப் போய் வானத்தைப் பார்ப்பாள்.

இரண்டு வருடத்துக்கு முந்திப் புருசன் பிரதாபனுக்குப் பாரிசவாதம் தட்டியது. பெரிதில்லை, இடது கை மட்டும் சொல்வழி கேளாமல் போனது. வெங்காயம் நட்ட மனிசன் இப்போது நாலு ஆட்டையும் ஒரு வானொலியையும் பார்த்துக்கொண்டு பகல் முழுக்கத் தனியே இருக்கிறார். மகன் நிருபன் தெற்கில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். இன்னொரு தடவை தட்டினால், அன்றைக்குக் காற்றும் எழும்பினால்? நாகபூசணி இந்தக் கணக்கை ஒவ்வொரு நாளும் படகில் போட்டுப் பார்ப்பாள்.

இடமாற்றம் கேட்டால் பதிலுக்கு ஆள் இல்லை என்பார்கள். மேல்தரம் கிடைத்தால் கடலுக்கு இந்தப் பக்கம் வந்துவிடலாம். ஏனென்றால் நெடுந்தீவு அலுவலகத்தில் மேல்தரத்துக்கென்று கதிரையே கிடையாது. முன்பு சித்தியடைந்த இரண்டு பேரும் வேலணைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போய்விட்டார்கள். அப்படி ஒரு கதிரை தரவேண்டும் என்று நெடுந்தீவு அலுவலகம் வருடா வருடம் தை மாதத்தில் மேலிடத்துக்கு எழுதும். அந்தக் கடிதத்தைத் தட்டச்சுச் செய்கிறவளும் நாகபூசணிதான். போன வருடத்துக் கடிதத்தில் திகதியை மட்டும் மாற்றிவிட்டுக் கையெழுத்துக்கு வைப்பாள். பதில் வந்ததே இல்லை.

இரண்டாம் தடவை முப்பத்தாறு. சாண் ஏற முழம் சறுக்கியது. மூன்றாம் தடவைக்கு அறிவித்தல் வந்தபோது வயது நாற்பத்தெட்டு. அடுத்த முறை வயது விடாது. இதுதான் கடைசி.

நிலாந்தி வந்து சேர்ந்தது அந்த நேரத்தில். கோண்டாவில் பெட்டை, பட்டதாரி, அதே அலுவலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். தன்னுடைய போட்டிப் பரீட்சையில் நுண்ணறிவுத் தாளில் எண்பதுக்கு மேல் எடுத்தவள். படகில் நாகபூசணியின் மடியில் கேள்விப் புத்தகத்தைக் கண்டுவிட்டு, பக்கத்தில் வந்து இருந்தாள்.

“அக்கா, நீங்கள் இதை எப்பிடிச் செய்யிறனீங்கள்?”

“எப்பிடி எண்டால்? வாசிச்சுப் பாப்பன். எது பொருந்துதெண்டு மனதில படுதோ அதைக் கீறுவன்.”

“மனதை வீட்டில வச்சிட்டு வாங்கோ,” என்றாள் நிலாந்தி. “முதல் இரண்டு சொல்லையும் சேத்து ஒரு வசனம் சொல்லுங்கோ. விடையளைப் பாக்கக்கூடாது, கையால மூடுங்கோ. வசனம் சரியெண்டால் அதை அப்பிடியே தூக்கி மற்றச் சொல்லில வையுங்கோ. பிறகு கையை எடுங்கோ.”

கேட்க லேசாகத்தான் இருந்தது. தச்சன் உளியால் வேலை செய்வான், தையற்காரி ஊசியால் வேலை செய்வாள். மருந்து நோயைத் தீர்க்கும், தண்ணீர் தாகத்தைத் தீர்க்கும். இவற்றை நாகபூசணி மளமளவென்று சொன்னாள். கடலுக்குக் கப்பல் என்றால் வானத்துக்கு எது என்ற இடத்தில்தான் தடக்குப்பட்டாள். கடலில் போவது கப்பல் என்று வசனம் சொன்னால், வானத்தில் பறவையும் போகும், விமானமும் போகும்.

“இரண்டு விடை பொருந்தினால் உங்கட வசனம் தொளதொளவெண்டு கிடக்குது எண்டு அருத்தம். இறுக்குங்கோ,” என்றாள் நிலாந்தி.

“கடலில ஆக்களை ஏத்திக்கொண்டு போறது கப்பல்.”

“அப்ப?”

“விமானம்.”

“பாத்தியளே! அவ்வளவுதான்.”

அவ்வளவுதானாக இருந்திருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கமாட்டேன். நாகபூசணி வசனங்களை நன்றாகவே இறுக்கினாள். ஆனால் எல்லாவற்றையும் தன்னுடைய சீவியத்திலிருந்து இழுத்து இறுக்கினாள். தூறல் கூடினால் மழை, தென்றல் கூடினால் எது என்று ஒருநாள் நிலாந்தி கேட்டாள்.

“படகு ஓடாது,” என்றாள் நாகபூசணி.

நிலாந்தி சிரித்தாள். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். விடை புயல்.

அலுவலகத்திலும் ஓய்வில்லை. அங்கே கனகசபை என்று ஒருவர், ஐம்பத்தாறு வயது, அலுவலக உதவியாளர், நெடுந்தீவிலேயே பிறந்து வளர்ந்தவர். இவர்கள் இருவரும் குதிரைக்கு லாயம், மாட்டுக்கு எது என்று கேட்டுக்கொண்டிருக்கையில் தேத்தண்ணியோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“குதிரைக்கு லாயமோ? பிள்ளையள், எங்கட குதிரை எந்த லாயத்தில நிண்டது? அது திறந்த புல்லுத் தரவையில நிக்கும். மாடும் தரவையிலதான் நிக்கும். வெயிலெண்டாலும் மழையெண்டாலும் அங்கதான். தரவை எண்டு போடும்.”

“அண்ணை, விடை தொழுவம்,” என்றாள் நிலாந்தி.

“எழுதினவனை இஞ்ச கூட்டிக்கொண்டு வாரும். நான் காட்டிறன்.”

நாகபூசணிக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. கனகசபை பிழையாக ஒன்றும் சொல்லவில்லை. அவர் கண்டதைச் சொன்னார். பரீட்சையென்றால் அதனாலேயே இரண்டு புள்ளி போயிருக்கும். தானும் இத்தனை வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள்.

பின்னேரப் படகில் நிலாந்தி அதையே தன் வாயால் சொன்னாள். “அக்கா, கோவிக்காதேங்கோ. உங்கட வசனம் உங்கட ஒழுங்கைக்குச் சரி. ஆனால் பரீட்சைக்கு, எந்த ஊரில எவர் கேட்டாலும் ஓம் எண்டு சொல்லிற வசனம் வேணும். வீட்டைக் களவு போகாமல் காக்கிறது பூட்டு. காணியைக் காக்கிறது வேலி. கேள்வி போட்டவர் ஆக்கள் இருக்கிற வீட்டைத்தான் நினைச்சவர்.”

“எங்கட ஒழுங்கையிலயும் ஆக்கள் இருந்தவைதானே,” என்றாள் நாகபூசணி. நிலாந்தி தன் முறைப்படி அடுத்த கேள்வியை எடுத்தாள்.

அதற்குப் பிறகு ஏழு மாதம். காலையில் பத்துக் கேள்வி, பின்னேரம் பத்து. சொல்லின் முன்பின் மாறக்கூடாது. சில்லு வண்டியின் பகுதி என்றால் ஓடு கூரையின் பகுதி, கூரை ஓட்டின் பகுதி அல்ல. கருத்துக் கிட்டவாக இருக்கிறதே என்று விடைக்குள் விழக்கூடாது. தூண்டில் மாதிரி அதை வேண்டுமென்றேதான் போட்டிருப்பார்கள். தெரியாத சொல் வந்தால் நிச்சயமாகப் பொருந்தாத இரண்டை முதலில் வெட்டு. எல்லாவற்றையும் பழைய சுற்றறிக்கையின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து சமைத்துவிட்டுக் குசினிக் கதிரையில் இருந்தால் எழும்ப மனம் வராது. பழகப் பழகப் பாலும் புளிக்கும், இது புளித்த பாலையே பழகுகிற வேலை. பிரதாபன் வலது கையால் விடைகளை மூடிப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பார். பாதியில் அவளுக்குக் கண் சொருகும். அவர் புத்தகத்தை மூடி வைத்துவிடுவார்.

பரீட்சை நாளன்று அவரும் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. பள்ளிக்கூட மதிலுக்கு வெளியே வேப்பமர நிழலில் தண்ணீர்ப் போத்தலோடு இருந்தார்.

முப்பத்தோராவது கேள்விக்கு வந்தபோது நாகபூசணி பேனையைக் கீழே வைத்தாள். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அந்தப் பழைய கேள்வி, சொல் மாறாமல், அதே உடுப்போடு வந்து நின்றது. வீடு : பூட்டு. காணி : ?

கையால் விடைகளை மூடினாள். வசனம் சொல்லப் பார்த்தாள். முதலில் வந்தது பழைய வசனம்தான். இலட்சுமிப்பிள்ளை வீட்டுத் துருப்பூட்டும், படிக்கட்டு வரைக்கும் வந்து நிற்கிற நாயுண்ணியும் கண்ணுக்கு முன்னால் நின்றன. ஏழு மாதம் படித்தும் அவை அசையவில்லை. அவள் தண்ணீரைக் குடித்தாள். மெல்ல, பள்ளிப் பிள்ளை மாதிரி, மற்ற வசனத்தைச் சொன்னாள். வீட்டைக் காப்பது பூட்டு, காணியைக் காப்பது வேலி. கையை எடுத்து வேலிக்குக் கீறினாள். தெரிந்த ஒருவரைத் தெருவில் கண்டும் காணாதது மாதிரிப் போனது போல இருந்தது. அடுத்த கேள்விக்குப் போனாள்.

பெறுபேறு வர எட்டு மாதம் சென்றது. நாற்பத்தாறு. நேர்முகத்தில் கோவைகளைப் பற்றித்தான் கேட்டார்கள், அதில் அவளை யார் மடக்குவது? நிலாந்தி படகு முழுக்க ரொபி கொடுத்தாள். பிரதாபன் நயினாதீவு அம்மனுக்கு வைத்த நேர்த்தியைத் தீர்க்க வேண்டும் என்றார். அந்த ஒரு மாதம் நாகபூசணி படகில் தேசிக்காய் மணக்கவில்லை. வேலணை என்றால் சைக்கிளிலேயே போய் வரலாம், மத்தியானம் வந்து அவருக்குச் சோறு போட்டுக் கொடுக்கலாம் என்றெல்லாம் நினைத்துக்கொண்டாள்.

நியமனக் கடிதம் அலுவலகத்துக்கே வந்தது. கனகசபைதான் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கு முகம் எல்லாம் சிரிப்பு.

“கடவுள் இருக்கிறார், பிள்ளை. எங்களை விட்டிட்டுப் போறீர் எண்டு கவலையாக் கிடந்தது. எங்கட கந்தோருக்கு மேல்தரக் கதிரை தந்திட்டாங்கள். முதல் ஆள் நீர்தான்!”

அவள் கடிதத்தை வாசித்தாள். தங்கள் அலுவலகத்தின் நீண்டகால வேண்டுகோளுக்கு அமைய, என்று தொடங்கியது. அந்த வேண்டுகோளின் ஒவ்வொரு எழுத்தும் அவளுக்குப் பாடம். பதினான்கு தை மாதம் அவள் கையாலேயே தட்டிய எழுத்து. இத்தனை வருடம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது, இந்த வருடம் பார்த்து எழும்பி வந்திருக்கிறது. உத்தியோக விடுதி ஒன்றும் உண்டு என்று கடைசி வரியில் இருந்தது.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. களைப்பு ஒன்றுதான் வந்தது. கடிதத்துக்கு உள்வருகை இலக்கம் போட்டு, உரிய கோவையில் குத்திவிட்டு, நேரத்துக்குப் படகுக்குப் போனாள்.

“மேன்முறையீடு செய்யுங்கோ, அக்கா,” என்றாள் நிலாந்தி.

“யாருக்கு? மேல்தரத்தை ஏற்றாலும் நெடுந்தீவு. வேண்டாமெண்டாலும் இருக்கிற கதிரை நெடுந்தீவு. எந்த விடையில கீறினாலும் ஒண்டுதான் வருது, நிலாந்தி. இதுக்கு உம்மட்டை முறை கிடக்கே?”

வீட்டில் பிரதாபன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். இடது கையால் பிடிக்க ஏலாததால் மேசையில் வைத்து, பக்கத்தை வலது கையால் அமத்திப் பிடித்துக்கொண்டு வாசித்தார். ஆடுகள் கத்தின. எழும்பிப் போய்க் குழை போட்டுவிட்டு வந்தார்.

“இஞ்சேரும்,” என்றார். “நீர் அங்க எண்டால், நான் ஏன் இஞ்ச இருக்கிறன்?”

“நெடுந்தீவில தண்ணி உப்பு. ஆசுப்பத்திரியும் சின்னன். உங்களுக்கு ஏலாது.”

“ஏலும். எனக்குக் கடல் பிரச்சினை இல்லை. நடுவில கடல் கிடக்கிறதுதான் பிரச்சினை. மாமா கிடந்த மாதிரி நான் கிடக்கமாட்டன். உம்மட முகத்தைப் பாத்துக்கொண்டு எங்க கிடந்தாலும் எனக்குச் சரி.”

அவர் கலியாணம் முடித்த இருபத்தைந்து வருடத்தில் இவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான். நாகபூசணி குசினிக்குள் போய் அழுதாள். தகப்பனுக்கும் சேர்த்து அழுதாள்.

ஆடுகளை மண்கும்பானிலிருந்து ஒருவர் வந்து கொண்டுபோனார். இரண்டு கதிரை, ஒரு அலுமாரி, சட்டி பானை எல்லாம் படகில் ஏறின. வெளிக்கிடுகிற நாள் நாகபூசணி கதவை இழுத்துச் சாத்தி, வேலணைச் சந்தியில் வாங்கிய பூட்டைப் போட்டாள். நல்ல பித்தளைப் பூட்டு, துருப்பிடிக்காது என்று கடைக்காரர் சொன்னார். ஒழுங்கையில் அது எட்டாவது.

நெடுந்தீவில் போய் இருந்த பிறகு, வாரத்துக்கு ஒருதரம் வந்து பார்ப்போம் என்றுதான் நினைத்தார்கள். பிறகு மாதத்துக்கு ஒருதரம் என்றார்கள். சோளகம் தொடங்கியது. பிரதாபனுக்குப் படகில் ஏறி இறங்கக் கால் உதறியது. மாரியும் வந்து போனது. அவர்கள் புளியங்கூடலுக்கு வந்தபோது எட்டு மாதம் ஆகியிருந்தது.

வேலி நின்றது. நல்ல கதியால், ஒன்றும் சாயவில்லை. படலையைத் தள்ளினால் திறக்கவில்லை. உள்ளே நாயுண்ணி அடைத்துக்கொண்டு நின்றது. இலட்சுமிப்பிள்ளை காணியில் இருந்து வேலிக்குக் கீழால் வந்து, கிணற்றடியைத் தாண்டி, படிக்கட்டில் முதல் படி வரைக்கும் ஏறியிருந்தது. படலையிலிருந்து பார்க்கக் கதவில் பூட்டு மட்டும் பளபளவென்று தெரிந்தது.

பிரதாபன் கத்தியை வலது கையில் எடுத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

“அந்த முதல் தரம் நான் பிழையா எழுதேல்லையப்பா,” என்றாள் நாகபூசணி.

அவர் ஓம் என்றார். இருவரும் குனிந்து வெட்டத் தொடங்கினார்கள்.